தொங்கும் வீட்டில் ஒரு கோணிச்சாக்கு

மாட்ரிட்டில் வேலன்சியா பக்கம் போகும் அதிவேக ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நிலையம் வரும். சுற்றிலும் வெட்டவெளி, ஊர் கண்ணுக்கே தெரியாது. பலகையில் ‘குவென்கா – ஃபெர்னாண்டோ சோபெல்’ என்று எழுதியிருக்கும். முதல் தடவை இறங்கியபோது யாரோ பழைய அமைச்சர் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பேருந்தைத் தேடப் போய்விட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் ஓர் ஓவியர். அதுவும் அரூப ஓவியர், அதாவது உருவத்தை அப்படியே வரையாமல் நிறத்தையும் கோட்டையும் வைத்தே வரைகிறவர். அந்த ஊரில் பிறந்தவர்கூட இல்லை, மணிலாவில் பிறந்தவர். 2010 கடைசியில் அதிவேக ரயில் பாதை அந்த ஊருக்கு வந்தபோது புது நிலையத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மாட்ரிட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. குவென்காவுக்கு மூன்று தடவை போய்விட்டேன். மூன்று தடவையும் ஒரே இடத்துக்காகத்தான். மலை விளிம்பில் தொங்குகிற பழைய வீடுகளுக்குள் இருக்கிற ஸ்பானிய அரூபக் கலை அருங்காட்சியகம். கடைசியாகப் போனது அப்பாவோடு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா கும்பகோணத்தில் நாற்பது வருடம் அரிசி மண்டி நடத்தியவர். இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். என்னோடு இரண்டு மாதம் இருக்க வந்திருந்தார். அவரை குவென்காவுக்கு அழைத்துப் போக எனக்குக் கொஞ்சம் தயக்கமாகவே இருந்தது, ஏனென்றால் அதற்கு இரண்டு வாரம் முன்னால் வேறொரு பெரிய அருங்காட்சியகத்துக்கு (பெயர் வேண்டாம்) கூட்டிக்கொண்டு போய் மனசு கஷ்டப்பட்டுத் திரும்பியிருந்தோம். அரூப ஓவியங்கள் இருந்த கூடத்தில் அப்பா ஒரு படத்தின் முன்னால் நின்று என்னிடம் ஏதோ கேட்டார். அவருக்கு எப்போதுமே மண்டிக் குரல், லாரிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அங்கிருந்த ஊழியர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அதற்கப்புறம் அப்பா எதையும் கேட்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததும், “இதெல்லாம் படிச்சவங்க பாக்கறதும்மா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அதனாலேயே அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, குவென்காவுக்கு வருகிறேன். ஊர் உட்கார்ந்திருக்கும் இடமே ஒரு காட்சி. ஹூக்கர், உவேக்கர் என்று இரண்டு ஆறுகள் இரண்டு பக்கமும் பாறையை அறுத்துப் பள்ளத்தாக்காக்கி வைத்திருக்கின்றன, நடுவில் மிஞ்சிய ஒல்லியான பாறை முதுகின் மேல் பழைய ஊர். பரந்து கட்ட இடமில்லாததால் வீடுகள் உயரமாகவும் விளிம்பை ஒட்டியும் எழுந்திருக்கின்றன. அதில் உவேக்கர் பள்ளத்தாக்குப் பக்கம் சில வீடுகளின் மர பால்கனிகள் பாறையை விட்டு வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். காசாஸ் கோல்காதாஸ், தொங்கும் வீடுகள் என்று பெயர். 15ஆம் நூற்றாண்டில் கட்டியவை. எதிர்க் கரையிலிருந்து பார்க்க 1902ல் போட்ட ஓர் இரும்புப் பாலம் இருக்கிறது, நடக்கும் தளம் மரப்பலகை. அப்பா பாலத்தில் பாதி வந்து கீழே பார்த்துவிட்டு, கைப்பிடியை விடாமல் நின்றபடியே அந்த வீடுகளைக் காட்டி, “அதுல யாரு குடியிருக்கா?” என்று கேட்டார்.

ஓவியங்கள் குடியிருக்கின்றன என்று சொன்னேன். அது உண்மையும்கூட. எனக்கு இந்த அருங்காட்சியகத்தில் பிடித்ததே அதுதான். ஒருவர் தன்னிடம் இருந்த ஓவியங்களைத் தானமாகக் கொடுத்தார் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், ஆனால் அவர் கொடுத்த விதம் அந்த ஒரு வரிக்குள் அடங்காது.

ஃபெர்னாண்டோ சோபெல் 1924ல் மணிலாவில் பிறந்தவர். பிலிப்பைன்ஸின் பெரும் பணக்கார வணிகக் குடும்பம், ஸ்பானிய வம்சாவளி. இளவயதில் முதுகெலும்பில் வந்த நோயால் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார், வரைய ஆரம்பித்தது அப்போதுதான் என்கிறார்கள். ஹார்வர்டில் படித்தார், அங்கேயே நூலகத்தில் வேலை பார்த்தார், ஊர் திரும்பிக் குடும்ப நிறுவனத்தில் உட்கார்ந்தார், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், இதற்கெல்லாம் நடுவில் வரைந்துகொண்டும் இருந்தார். 1950களின் நடுவில் அமெரிக்காவில் மார்க் ராத்கோ என்ற அரூப ஓவியரின் கண்காட்சி ஒன்றைப் பார்த்தது அவரை அப்படியே புரட்டிப் போட்டுவிட்டது. உருவம் வரைவதை விட்டு அரூபத்துக்கு வந்தார்.

அவர் வரைந்த முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மெல்லிசான, நீளமான, நடுங்காத கோடு அவருக்கு வேண்டியிருந்தது. தூரிகையில் அது வரவில்லை, சாயம் நடுவில் தீர்ந்துவிடும். அதனால் ஊசி போடும் சிரிஞ்சில் சாயத்தை நிரப்பி, அழுத்திக்கொண்டே இழுத்தார். நம் வீடுகளில் மருதாணிக் கோனை அழுத்திப் பிடித்து இழுப்பார்களே, அதேதான். கிட்டே போய்ப் பார்த்தால் சில இடங்களில் கோடு தொடங்கும்போது ஒரு சின்னத் துளி தேங்கி நிற்கும், அப்புறம் மெலிந்து மெலிந்து ஓடி, கடைசியில் ரோமம் மாதிரி ஆகிவிடும். கை எங்கே வேகமெடுத்தது, எங்கே நிதானித்தது என்று அந்தத் துளியும் மெலிவும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது ஸ்பெயின் பக்கம் வருவோம். 1950களில் அங்கே பிராங்கோவின் சர்வாதிகாரம். அந்த இறுக்கத்துக்குள்ளேயே ஒரு தலைமுறை அரூபக் கலைஞர்கள் கிளம்பியிருந்தார்கள். பார்சிலோனாவில் அந்தோனி தாபியெஸ், மாட்ரிட்டில் 1957ல் ‘எல் பாசோ’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த அந்தோனியோ சவுரா, மனோலோ மில்யாரெஸ், ரஃபேல் கனோகார், லூயிஸ் ஃபெய்தோ எல்லாரும். வெளியே அவர்களுக்கு நல்ல பேர். 1958ல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் தாபியெஸுக்கும் சிற்பி சில்லீதாவுக்கும் பரிசு கிடைத்தது, 1960ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இவர்கள் படைப்புகளை வைத்துத் தனிக் கண்காட்சியே நடந்தது. நாங்களும் நவீனமானவர்கள்தான் என்று வெளியுலகுக்குக் காட்ட அரசுக்கு இவர்கள் பயன்பட்டார்கள். உள்நாட்டில் அந்த ஓவியங்களை மாட்டி வைக்க ஒரு சுவர் கிடையாது, வாங்க ஆளும் கிடையாது. நல்ல நல்ல படைப்புகளெல்லாம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

1955ல் மாட்ரிட் வந்த சோபெலுக்கு இந்த இளம் ஓவியர்களோடு பழக்கம் ஏற்பட்டது. அவர்களிடமிருந்து வாங்க ஆரம்பித்தார். பிற்பாடு குடும்பத் தொழிலை விட்டுவிட்டு ஸ்பெயினுக்கே வந்துவிட்டார். பணம் இருந்தது, வாங்கினார் என்று யாராவது சொல்லலாம். பணம் இருந்தவர்கள் மாட்ரிட்டில் நிறையப் பேர் இருந்தார்களே, அவர்கள் வாங்கவில்லையே. இவர் தானும் ஓவியர் என்பதால், பக்கத்து மேசையில் உட்கார்ந்து வரைகிறவன் என்ன செய்கிறான் என்று தெரிந்து வாங்கினார். தன்னோடு போட்டியிடும் ஒருவனின் படம் தன் படத்தை விட நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, அதைக் காசு கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்துவதற்குத் தனி மனசு வேண்டும்.

வாங்கியவை சேரச் சேர, இவற்றுக்கு ஒரு வீடு பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. தொலேதோ நகரத்தில் தேடினார், அமையவில்லை. 1962ல் வெனிஸ் பினாலே நேரத்தில் குஸ்தாவோ தோர்னெர் என்ற ஓவியர் பழக்கமானார். தோர்னெர் குவென்காக்காரர், வனத்துறை சார்ந்த தொழில்நுட்பம் படித்து வேலை பார்த்தவர், ஓவியம் தானாகக் கற்றுக்கொண்டது. எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். அந்தச் சமயம் நகராட்சி தொங்கும் வீடுகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தது, முடித்தபின் அங்கே என்ன வைப்பது என்பது முடிவாகவில்லை. ஒருவரிடம் வீடில்லாத ஓவியங்கள், இன்னொருவரிடம் ஆளில்லாத வீடு. பேசி முடித்தார்கள். சோபெல், தோர்னெர், கெரார்தோ ருவேதா என்று மூன்று ஓவியர்கள் சேர்ந்து எந்தச் சுவரில் எது, எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் எது என்று தாங்களே நின்று மாட்டினார்கள். 1966ல் திறந்தார்கள். அரசு முன்கை எடுக்கவில்லை, ஓவியர்களே எடுத்து, ஓவியர்களே நடத்திய அருங்காட்சியகம். அதுவும் அந்தக் காலத்தில், அந்த நாட்டில்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான ஆல்ஃபிரட் பார் இதைப் பார்த்துவிட்டு, உலகத்திலேயே அழகான சின்ன அருங்காட்சியகம் என்று சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வாக்கியத்தில் ‘சின்ன’ என்ற சொல்தான் முக்கியமாகப் படுகிறது. சோபெல் வேண்டுமென்றேதான் சின்னதாக வைத்தார். நிறைய மாட்டி அடைக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மூச்சு விட இடம் விட்டார்.

இதற்கு முன்பே அவர் இன்னொரு தானமும் செய்திருந்தார். மணிலாவை விட்டுக் கிளம்பும்போது, தன்னிடம் இருந்த பிலிப்பைன்ஸ் நவீன ஓவியர்களின் படைப்புகளை, தான் பாடம் நடத்திய அதெனியோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். 1960ல் அதை வைத்துத் தொடங்கிய அதெனியோ கலைக்கூடம் இன்றும் நடக்கிறது. அந்த நாட்டு நவீன ஓவியங்களுக்கென்று அமைந்த முதல் அருங்காட்சியகம் அதுதான். பிறந்த ஊரில் ஒன்று, வந்து சேர்ந்த ஊரில் ஒன்று.

அப்புறம் 1980. குவென்கா அருங்காட்சியகம் தன் கைக்காசிலும் தன் உடம்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, தனக்குப் பின் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இருந்தது. முழுத் தொகுப்பையும் ஹுவான் மார்ச் அறக்கட்டளையிடம் தானமாக ஒப்படைத்தார். நான்கு வருடம் கழித்து, 1984 ஜூனில், ரோமுக்குப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 59. குவென்காவில்தான் அடக்கம் செய்தார்கள், ஹூக்கர் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் மேட்டுக் கல்லறையில்.

உயிரோடு இருக்கும்போதே கொடுத்தாரே என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். செத்த பிறகு கொடுப்பது சுலபம், எழுதி வைத்துவிட்டுப் போய்விடலாம். இருக்கும்போது கொடுத்தால், நாம் ஆசையாக மாட்டிய படத்தை நாளைக்கு இன்னொருவர் இறக்கி வேறு அறையில் மாட்டுவார், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இன்னொன்று, அருங்காட்சியகத்துக்கு அவர் தன் பெயரை வைக்கவில்லை. ‘ஸ்பானிய அரூபக் கலை’ என்றுதான் வைத்தார், அதாவது நண்பர்கள் எல்லாருடைய பெயரையும் ஒன்றாக. அவர் பெயர் ரயில் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தது அவர் போய் இருபத்தாறு வருடம் கழித்து.

நாங்கள் போன அன்று செவ்வாய்க்கிழமை. திங்கள் விடுமுறை, போகிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக்குக் கட்டணம் இல்லை. உள்ளே ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றலாமா என்று என்னைப் பார்த்தார், வேண்டாம்ப்பா என்றேன். வீடு என்றால் வீடுதான், மரப்படி, தாழ்ந்த வாசற்படி, உத்தரம் தெரியும் கூரை, ஓர் அறையிலிருந்து அரைப் படி ஏறினால் இன்னோர் அறை. வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு படம், அதற்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே உவேக்கர் பள்ளத்தாக்கின் சாம்பலும் காவியும் கலந்த பாறை. முதல் தடவை நான் வந்தபோது இந்த ஜன்னல்கள்தான் எனக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தன. பாறையைப் பார்க்கும்போது இது என்ன அர்த்தம் என்று நாம் கேட்பதில்லை. விரிசலைப் பார்க்கிறோம், நிறம் மாறுவதைப் பார்க்கிறோம், வெயில் நகர்வதைப் பார்க்கிறோம். அதே கண்ணோடு ஒரு முழம் திரும்பினால் தாபியெஸ் மணலையும் பளிங்குப் பொடியையும் குழைத்துப் பூசி, கீறி, சுரண்டி வைத்த படம். கண் அதையும் அப்படியே பார்த்துக்கொண்டு போய்விடுகிறது. இதை யோசித்துத்தான் மாட்டியிருக்கிறார்கள் அந்த மூன்று பேரும்.

அப்பா முதல் இரண்டு அறைகளில் படங்களை விட ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அறைக்குள் நுழைந்தவர் சட்டென்று நின்றுவிட்டார்.

அவர் முன்னால் இருந்தது மனோலோ மில்யாரெஸின் படைப்பு. ஓவியம் என்று சொல்கிறோமே தவிர, அது கோணிச்சாக்கு. சணல் சாக்கைக் கிழித்து, முறுக்கி, மடித்து, கயிற்றால் இழுத்துக் கட்டி, தைத்து, அதன் மேல் கறுப்பையும் வெள்ளையையும் அள்ளி ஊற்றியிருந்தார். சாயம் படாத இடங்களில் சாக்கின் சொந்த நிறம் அப்படியே.

அப்பா கிட்டே போனார். தொடக் கூடாதுப்பா என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்தார். மூக்கு படத்தில் பட்டுவிடுமோ என்று எனக்குப் பயம்.

“சணல் சாக்குதாம்மா. நம்ம பழைய நூறு கிலோ மூட்டைச் சாக்கு மாதிரி.” குரல் மண்டிக் குரலாகவே வந்தது. “தையலப் பாரு, கோணி ஊசியிலதான் தச்சிருக்காரு. சும்மா மேலோட்டமா இல்ல, ரெண்டு மடிப்புலயும் ஏத்தி எறக்கியிருக்காரு. நூல விட்டு இழுத்ததும் இங்க சுருங்குது பாரு. மூட்டை வாய் தைக்கும்போது அப்படித்தான் காது வரும்.”

எனக்கு அந்தச் சுருக்கம் அதுவரை கண்ணிலேயே படவில்லை. இரண்டு தடவை இதே படத்தின் முன் நின்றிருக்கிறேன், அதைப் பற்றிப் படித்தும் இருக்கிறேன். மில்யாரெஸ் கானரித் தீவுகளில் பிறந்தவர், அங்கே ஆதிக்குடிகளான குவாஞ்சே மக்களின் பதப்படுத்திய உடல்கள் துணியும் தோலும் சுற்றி அருங்காட்சியகத்தில் இருக்கும், சிறு வயதில் அவற்றைப் பார்த்த பாதிப்பில்தான் இவருக்குச் சாக்கு மேல் கண் போனது, 46 வயதில் 1972ல் இறந்துவிட்டார், எல்லாம் தெரியும். தையல் எப்படி இழுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

“இது பாரு, இந்த ஓட்டை.” அப்பா கையை நீட்டாமல் மோவாயால் காட்டினார். “இது கிழிஞ்சது இல்ல. இழைய ரெண்டு பக்கமும் விலக்கி விட்டுருக்கு. குத்தூசி போட்டு அரிசி எடுத்துப் பாத்தா இப்படித்தான் இருக்கும், அப்புறம் நாம விரலால தேச்சு மூடிடுவோம். இவரு மூடல. வேணும்னே திறந்து விட்டுட்டாரு.”

அறையில் இருந்த ஊழியர் எங்களை நோக்கி வருவதைப் பார்த்தேன். நடுத்தர வயதுப் பெண்மணி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, இங்கேயுமா என்று. அவர் பக்கத்தில் வந்து நின்று, உங்கள் அப்பா என்ன சொல்கிறார் என்று ஸ்பானிய மொழியில் கேட்டார். சொன்னேன். மண்டி, சாக்கு, கோணி ஊசி, மூட்டையின் காது, எல்லாவற்றுக்கும் எனக்குச் சரியான ஸ்பானியச் சொல் கிடைக்கவில்லை, கையால் தைத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குனிந்து அந்த ஓட்டையை அப்பா பார்த்த கோணத்திலேயே பார்த்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, கீழ் மூலையில் இன்னொரு தையலைக் காட்டினார். இரண்டு பேரும் குனிந்து நின்று ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கண் கலங்கியதை அப்பா பார்க்க வேண்டாம் என்றுதான்.

அந்தப் படத்தின் பெயர் ‘இரண்டாம் ஃபெலிப்பே மன்னருக்கு ஒரு சவப்பேழை’. 1963ல் செய்தது. 16ஆம் நூற்றாண்டில் பாதி உலகத்தை ஆண்ட ஸ்பானிய மன்னர் அவர். பிலிப்பைன்ஸ் என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். சோபெல் பிறந்த நாட்டின் பெயர். அந்த மன்னருக்குக் கோணிச்சாக்கில் சவப்பெட்டி செய்திருக்கிறார் ஓர் ஓவியர், அதுவும் பேரரசின் பழம்பெருமையைத் தன் பெருமையாக்கிக்கொண்ட ஓர் ஆட்சியின் நடுவில். அதை மணிலாக்காரர் திறந்த அருங்காட்சியகம் கொண்டுவந்து மாட்டியிருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ராஜாவா இருந்தாலும் கடைசில சாக்குலதான் கட்டணும்னு சொல்றாரா” என்றார். அப்படியும் இருக்கலாம்ப்பா என்றேன்.

மதியம் இரண்டு மணிக்கு மூடிவிட்டு நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். பிளாசா மயோர் சதுக்கத்தில் வெயில் விழுந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டோம். அந்த ஊரில் அலாகூ என்று ஓர் இனிப்பு. தேனையும் பாதாம் பருப்பையும் ரொட்டித் தூளையும் சேர்த்துக் கிளறி, இரண்டு மெல்லிய அப்பளத்துக்கு நடுவில் வைத்து அழுத்தியிருப்பார்கள், அரேபியர் காலத்துப் பண்டமாம். அப்பா கடித்துப் பார்த்து, பாகு ஒரு கம்பி கூடிவிட்டது என்றார், ஆனாலும் முழுசும் சாப்பிட்டார். சதுக்கத்திலேயே பேராலயம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு முடிவில் கட்டத் தொடங்கிய பழைய கோயில், ஆனால் அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் புனிதர்களும் இல்லை, தேவதைகளும் இல்லை, வெறும் வண்ணங்களும் வடிவங்களும்தான். 1990களில் தோர்னெர், ருவேதா உள்ளிட்ட கலைஞர்கள் வடிவமைத்தவை. அந்த நீலமும் ஆரஞ்சும் பழைய கல்தூண் மேல் சாய்ந்து விழுவதைப் பார்த்தபோது, ஒரு காலத்தில் வீடில்லாமல் அலைந்த அந்தக் கலை இந்த ஊரில் கோயில் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று தோன்றியது. சவுரா, மில்யாரெஸ், செம்பெரே என்று பல கலைஞர்கள் இங்கே வீடு வாங்கித் தங்கியிருக்கிறார்கள். ஓவியங்களுக்கு வீடு கிடைத்ததும் பின்னாலேயே ஓவியர்களும் வந்துவிட்டார்கள்.

நாலு மணிக்கு மறுபடி போனோம். போகலாம் என்று சொன்னது அப்பாதான்.

இந்தத் தடவை அவர் ஜன்னல் பக்கம் போகவேயில்லை. சவுராவின் ‘பிரிஜித் பார்தோ’ முன்னால் நின்றார். 1959ல் வரைந்தது, உலகமே அழகி என்று கொண்டாடிய நடிகையின் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் பிய்த்துக் குதறிப் போட்டிருப்பார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். பிடிக்காமல் போவதற்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது, அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. யூசேபியோ செம்பெரேயின் மெல்லிய கோடுகள் பிடித்தன, நெல் வயலில் காற்றடித்தால் இப்படித்தான் என்றார். கறுப்புச் சுவர் வைத்த அறை ஒன்று இருக்கிறது, அதற்குள் போனதும் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார், யாரும் சொல்லாமலேயே.

எனக்கு நம்மூர் சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதுவும் 1966தான். அதே வருடம், இங்கே குவென்காவில் வீடு திறக்கிறார்கள், அங்கே சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மணல்வெளியில் நிலம் வாங்கிக் குடியேறுகிறார்கள். அவர்களுக்குச் சோபெல் போல ஒருவர் இல்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் தாங்களே வாங்கிய நிலம். இரண்டு கூட்டத்துக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் எங்கள் படங்களுக்கு நாங்களே இடம் பார்த்துக்கொள்கிறோம் என்ற அந்த ஒரு பிடிவாதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கும்பகோணத்தில் வளர்ந்த நான் சென்னையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன், மகாபலிபுரம் போகும்போதெல்லாம் அதன் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பாவோடு போகப்போகிறேன், அவரிடம் சொல்லியும் விட்டேன்.

பெரிய அருங்காட்சியகங்களுக்குத் தானமாக வரும் ஓவியங்களில் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும். சுவர் கொஞ்சம், படங்கள் அதிகம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுக்கிறவர் ஓவியத்தை மட்டும் கொடுத்தால் போதாது என்று சோபெலைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுகிறது. சுவர், ஜன்னல், வெளிச்சம், பக்கத்தில் மாட்ட வேண்டிய இன்னொரு படம், பார்க்க வருகிறவர் மேல் ஒரு மரியாதை, இவ்வளவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அந்த ஊழியர் எங்கள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாரே, அதுகூட எங்கோ அவர் ஆரம்பித்து வைத்த பழக்கத்தின் மிச்சமாக இருக்கலாம். அப்படி நம்ப எனக்குப் பிடித்திருக்கிறது.

கிளம்பும்போது கீழே கடைக்குப் போனோம். இந்த அருங்காட்சியகம் ஆரம்பத்திலிருந்தே ஓவியர்களை வைத்து அச்சோவியங்கள் வெளியிட்டு வந்திருக்கிறது, மூலத்தை வாங்க முடியாதவர்களும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று. நான் சோபெலின் மெல்லிய கோட்டுப் படம் ஒன்றின் அச்சு வாங்கினேன், இதை எழுதும் மேசைக்கு மேலேதான் இருக்கிறது. அப்பா தேடித்தேடி மில்யாரெஸ் படத்தின் தபால் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டார். அட்டையில் தையல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. நடைமேடையில் பெயர்ப் பலகையைக் காட்டி, இவர்தாம்ப்பா கொடுத்தவர் என்றேன். அப்பா எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாய்விட்டுப் படித்தார், சோ-பெல். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

போன வாரம் தம்பி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். மண்டியில் கல்லாவுக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்கும் தினசரிக் காலண்டருக்கும் நடுவில் அந்தத் தபால் அட்டை ஒட்டியிருக்கிறது. வருகிற லோடுமேன்களுக்கெல்லாம் அப்பா கூப்பிட்டுக் காட்டுகிறாராம். அட்டைக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டில் அவர் கையெழுத்து, மூட்டை மேல் ரகம் எழுதுவாரே, அதே கொட்டை எழுத்தில்: ‘மில்யாரெஸ். சணல் சாக்கு. 1963.’